சொல்வரையறை வீண் வாதமல்ல

ஒரு சொல்லுக்கு இன்னதுதான் பொருள் என்று தீர்மானிப்பதற்காகவும், ஒரு வாக்கியத்தின் இறுதியில் அரைப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று நிர்ணயிப்பதற்காகவும், கல்வியிலும் அனுபவத்திலும் சிறந்த பொறியாளர்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வாதப் பிரதிவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படும் சாமானிய வாசகருக்கு, இவர்களுக்கு வேறு காரியம் இல்லையா என்ற எண்ணம் எழுவது இயல்பே. இணையத்தைத் தாங்கி நிற்கும் கருவிகளை நிர்வகிப்பதற்கென்று வகுக்கப்பட்ட தரவு மொழிகளின் சரித்திரம் அத்தகைய விவாதங்களால் நிரம்பியது. அந்த விவாதங்களில் பெரும்பகுதி அவசியமானது என்பதும், அவற்றை அரைகுறையாக விட்ட இடங்களிலேதான் பின்னால் வந்தவர்கள் துன்பப்பட்டார்கள் என்பதும், ஆனால் எதை நீள விவாதிக்க வேண்டும், எதைச் சீக்கிரத்தில் முடிவு கட்ட வேண்டும் என்னும் விவேகம் இல்லாவிட்டால் நல்ல முயற்சியும் பயனற்றுப் போகும் என்பதும் என் அபிப்பிராயம்.

விஷயம் இன்னதென்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைபேசி நிறுவனமோ வங்கியோ நடத்தும் வலையமைப்பில் ரூட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். அவை யாவும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கியவையாக இருப்பது அரிது. இந்த இணைப்பைத் திற, இந்தப் பாதையில் அனுப்பு, இன்ன முகவரியிலிருந்து வருவதை உள்ளே விடாதே என்று அவற்றுக்குக் கட்டளையிடவும், எவ்வளவு தரவு வந்தது, எவ்வளவு பழுதாயிற்று என்று அவற்றிடம் கணக்குக் கேட்கவும் ஒரு பொதுமொழி இருந்தாலன்றி, ஒவ்வொரு தயாரிப்பாளரின் பாஷையையும் தனித்தனியே கற்றவர்களை அமர்த்திக்கொள்ள வேண்டிவரும். அந்தப் பொதுமொழிக்கு இரண்டு அங்கங்கள் உண்டு. செய்தியைக் கொண்டுசெல்லும் நெறிமுறை ஒன்று. அந்தச் செய்தியில் வரும் பொருள்களுக்குப் பெயரும் வகையும் எல்லையும் வகுத்துக் கொடுக்கும் தரவு மொழி மற்றொன்று. வழக்குகள் மிகுதியும் எழுந்தது இரண்டாவதில்தான்.

1988-ஆம் ஆண்டில் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையும், அதற்குத் துணையாக எஸ்.எம்.ஐ. என்னும் தரவு மொழியும் இணையப் பொறியாளர்களால் வெளியிடப்பட்டன. அக்காலத்தில் எஸ்.என்.எம்.பி. ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டது. சர்வதேசத் தரநிர்ணயச் சபைகள் வகுத்துக்கொண்டிருந்த பெரிய முறையே நாளடைவில் நிலைபெறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆகவே, இரண்டு முறைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, அந்தச் சபைகளின் ஏ.எஸ்.என்.1 என்ற மொழியிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துத் தரவு மொழிக்கு அடித்தளமாக வைத்தார்கள். தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டது. நிரந்தரமாக வரவேண்டியது இணையத்தில் வேரூன்றவில்லை. ஆனால் இரவலாக வாங்கிய இலக்கணம் மட்டும் தன் சிக்கல்களுடன் தங்கிவிட்டது.

அதில் ஒரு சிக்கலைச் சொன்னால், வாக்கிய அமைப்பைப் பற்றிய வாதம் ஏன் அற்பமல்ல என்பது விளங்கும். ஆவணத்தில் மனிதர் படிப்பதற்காக எழுதும் குறிப்பு இரண்டு சிறுகோடுகளால் தொடங்க வேண்டும் என்பது அந்த மொழியின் விதி; அதே வரியில் மறுபடியும் இரண்டு சிறுகோடுகள் வந்தால் குறிப்பு அங்கேயே முடிந்துவிடும் என்பதும் அதன் விதி. ஒரு பகுதியையும் அடுத்த பகுதியையும் பிரித்துக் காட்டுவதற்காக ஒருவர் ஐந்து சிறுகோடுகளை வரிசையாக இட்டால், முதலிரண்டு குறிப்பைத் திறக்கும், அடுத்த இரண்டு அதை மூடிவிடும், ஐந்தாவது கோடு அர்த்தமற்ற எழுத்தாக வெளியே நிற்கும். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் நிரல் அந்த ஆவணத்தைப் பிழையென்று தள்ளும். தாராளமாக நடக்கும் நிரல் ஏற்றுக்கொள்ளும். ஒரே ஆவணம் ஓரிடத்தில் செல்லுபடியாகி மற்றோரிடத்தில் செல்லாததாகிவிடும். எழுதியவர் மனத்தில் ஒரு பொருளும், படிக்கும் இயந்திரத்தில் மற்றொரு பொருளும் தோன்றுவதற்கு இடம் கொடுக்கும் இலக்கணம் எவ்வளவு பழமையானதாயினும் குற்றமுடையதே.

சொல்வரையறையின் அவசியத்துக்கும் அதே காலத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. ஓர் இணைப்பின் வழியாக வந்த தரவின் அளவைப் பைட்டுகளில் எண்ணும் எண்ணியை முப்பத்திரண்டு இருமக்கூறு (பிட்) அகலமுடையதாக முதலில் வகுத்தார்கள். அது 4,294,967,295 வரை ஏறிப் பின்பு சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கும். வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இடைவிடாமல் நிரம்பி ஓடினால் இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். வேகம் 1 கிகாபிட் ஆகும்போது அதே சுற்று 34 வினாடியில் முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்குக் கேட்பவருக்கு, இடையில் எத்தனை சுற்று போயிற்று என்று அறிய வழியில்லை. 1993-இல் வந்த எஸ்.எம்.ஐ.யின் இரண்டாம் பதிப்பு அறுபத்துநான்கு இருமக்கூறு எண்ணியை வகுத்து இக்குறையை நீக்கியது. அதைக் காட்டிலும் முக்கியமானது, எண்ணி என்ற சொல்லுக்கு அம்மொழி தந்த வரையறை: எண்ணிக்கு நிச்சயமான தொடக்க மதிப்பு என்று ஒன்று இல்லை, ஆகவே அதன் தனி மதிப்பு எதையும் பொதுவாக உணர்த்தாது, இரண்டு வேளை எடுத்த மதிப்புகளின் வித்தியாசத்துக்கே அர்த்தம் உண்டு. இந்த வரையறையைக் கவனியாமல், ஒரே ஒரு மதிப்பைப் பார்த்துவிட்டு இன்றைய போக்குவரத்து இவ்வளவு என்று எழுதுகிறவரின் கணக்கில் கூட்டல் பிழை இராது. ஆனால் கணக்கு முழுவதும் பிழையாக இருக்கும்.

இவ்வாறான குறைகளையெல்லாம் களைந்து, இரவல் இலக்கணத்தை விட்டுவிட்டு, புதிதாக ஒரு மொழியை வகுக்க வேண்டும் என்ற எண்ணம் 1990-களின் இறுதியில் ஆராய்ச்சியாளர்களிடையே பிறந்தது. எஸ்.எம்.ஐ.என்.ஜி. என்று பெயர் சூட்டப்பட்ட அம்மொழி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி 2001 டிசம்பரில் வெளியான குறிக்கோள் ஆவணம், இத்தகைய விவாதம் எவ்வளவு ஒழுங்காக நடைபெறக்கூடும் என்பதற்கு நல்ல சாட்சி. மனிதர் எளிதாகப் படிக்கவும் எழுதவும் கூடியதாயிருத்தல், வாக்கிய அமைப்பு ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருத்தல், எந்த நெறிமுறையையும் சாராதிருத்தல், பெயர்களுக்குள் மோதல் வராதபடி காத்தல் என்று ஒவ்வொரு தேவையையும் தனித்தனியே எடுத்து, ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி, ஏற்றவை, இருந்தால் நல்லவை, விலக்கியவை என மூன்று வகையாகப் பிரித்து வைத்தார்கள். விலக்கியவற்றையும் மறைக்காமல் பதிவு செய்தது மிகவும் பாராட்டத்தக்கது. ஏனென்றால், ஏன் வேண்டாம் என்று முன்னோர் தீர்மானித்தார்கள் என்பதை அறியாத பின்னோர் அதே வாதத்தை முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இருந்தும் அந்த முயற்சி தரநிலை என்ற அந்தஸ்தை அடையவில்லை. அதற்கென அமைந்த பணிக்குழுவில் சம்மதம் கூடாமற் போகவே, மொழியின் இலக்கணம் 2004 மே மாதத்தில் வெறும் பரிசோதனை ஆவணமாக மட்டும் வெளிவந்தது. குறிக்கோள்களில் ஒத்துப்போனவர்கள் மொழியின் வடிவத்தில் ஒத்துப்போகவில்லை என்பது இதிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற்பாடம். இரண்டாவது பாடம் இதனினும் பெரியது. மொழியை வகுப்பவர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அம்மொழியால் பயனடைய வேண்டியவர்களாகிய வலையமைப்பு நடத்துநர்கள், கருவிகளுக்குக் கட்டளையிடுவதற்கு எஸ்.என்.எம்.பி.யைப் பெரும்பாலும் உபயோகிப்பதையே விட்டிருந்தார்கள். கணக்குக் கேட்பதற்கு அது உதவிற்று. கட்டளையிடுவதற்கு அவர்கள் கையால் தட்டெழுதும் கட்டளை வரிகளையே நம்பினார்கள்.

இந்தப் பிளவை நேருக்கு நேர் நோக்கிய பெருமை, 2002 ஜூன் மாதம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரெஸ்டன் நகரில் இணையக் கட்டமைப்புச் சபை கூட்டிய ஆலோசனைக் கூட்டத்தைச் சேரும். நெறிமுறை வகுப்பவர்களும் வலையமைப்பு நடத்துபவர்களும் ஒரே அறையில் அமர்ந்தார்கள். நடத்துநர்கள் கேட்டவை ஆடம்பரமானவை அல்ல. எளிதில் உபயோகிக்கக் கூடியதாயிருத்தலே முதல் தேவை என்றார்கள். நாங்கள் இட்ட கட்டளை வேறு, கருவி தானே அடைந்திருக்கும் நிலை வேறு, புள்ளிவிவரம் வேறு. இம்மூன்றையும் தெளிவாகப் பிரித்துத் தாருங்கள் என்றார்கள். ஒரு கருவியை அல்ல, வலையமைப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி அமைக்க வழி செய்யுங்கள் என்றார்கள். இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் சாதாரண உரைக் கருவிகளே போதுமானவையாகும்படி எழுத்து வடிவம் இருக்கட்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு வெளியான அக்கூட்டத்தின் அறிக்கை, பின்னால் வந்த முன்னேற்றங்கள் யாவற்றுக்கும் அஸ்திவாரமாயிற்று.

அதன் பயனாக 2006-இல் நெட்கான்ஃப் என்னும் நெறிமுறை வந்தது. ஆனால் அதற்குரிய தரவு மொழி எது என்ற கேள்வி எழுந்தவுடன் பழைய வாதம் புதிய உருவில் தலைதூக்கியது. எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா, ரிலாக்ஸ் என்.ஜி. போன்ற மொழிகள் உலகமறிந்தவை, அவற்றுக்குக் கருவிகள் ஆயத்தமாக இருக்கின்றன, புதிதாக ஒன்றை ஏன் படைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அவை ஆவணத்தின் வடிவத்தை விவரிக்க வந்தவை, வலையமைப்பு நிர்வாகத்தின் கருத்துகளைச் சொல்ல வந்தவை அல்ல, மேலும் மனிதர் படிப்பதற்கு அவை பெருந்துன்பம் என்பது மற்றொரு கட்சி. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2008-இல் அமைந்த பணிக்குழு இரண்டாவது கட்சியை ஏற்று, 2010 அக்டோபரில் யாங் என்ற மொழியை வெளியிட்டது. அதன் வாக்கிய அமைப்பு எஸ்.எம்.ஐ.என்.ஜி.யையும் சி போன்ற நிரல்மொழிகளையும் ஒத்தது. தோற்றுப்போன முயற்சியின் உழைப்பு இவ்வழியாகப் பயன்பட்டது. முதல் கட்சியாரையும் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. யாங்கில் எழுதியதை அப்படியே எக்ஸ்.எம்.எல். உருவில் எழுதிக்கொள்ள யின் என்றொரு மாற்று வடிவம் தரப்பட்டது. மற்றத் திட்டமொழிகளுக்கு மாற்றும் முறையும் 2011-இல் வகுக்கப்பட்டது.

இந்தத் தீர்மானத்துக்கு அம்மொழியின் ஆவணம் சொல்லும் காரணம் நம் கவனத்துக்குரியது. எழுதுகிறவரின் சிரமத்தையும் அதற்கான மென்பொருள் செய்கிறவரின் சிரமத்தையும் காட்டிலும் படிக்கிறவரின் நேரத்துக்கும் உழைப்புக்குமே மதிப்பு அதிகம் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. ஒரு மாதிரியை, அதாவது அம்மொழியில் எழுதப்படும் தரவு விவரணையை, எழுதுகிறவர்கள் சிலர். அதை நம்பி மென்பொருள் செய்பவர்கள் அவர்களினும் பலர். அதைப் படித்து வலையமைப்பை நடத்துகிறவர்களோ எண்ணற்றவர்கள். வாக்கிய அமைப்பைப் பற்றிய வாதத்தில் தராசின் முள் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வடிவத்தின் வழக்கு தீர்ந்தபின்பும் பொருளின் வழக்கு தீரவில்லை. ரெஸ்டனில் நடத்துநர்கள் கேட்ட பிரிவினை, அதாவது இட்ட கட்டளைக்கும் உள்ள நிலைக்கும் உள்ள வேற்றுமை, சொல்லுக்கு எளிதாக இருந்ததே தவிர வரையறைக்கு எளிதாக இல்லை. ஓர் இணைப்புக்கு வேகத்தைத் தானே நிச்சயித்துக்கொள் என்று கட்டளையிடுகிறோம். அது எதிர்முனையோடு பேசி 1 கிகாபிட் என்று அமைத்துக்கொள்கிறது. அதன் வேகம் என்ன என்று கேட்டால், கட்டளையைச் சொல்வதா, நடப்பைச் சொல்வதா? இன்னும் பொருத்தப்படாத ஓர் அட்டைக்கு முன்கூட்டியே கட்டளை எழுதி வைக்கிறோம். அந்தக் கட்டளை இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? முகவரியை நாம் எழுதாமல் வேறொரு சேவகக் கணினி வழங்கியிருந்தால், அது இட்ட கட்டளையாகிய அமைவைச் சேர்ந்ததா, நிலையைச் சேர்ந்ததா? முதலில் வந்த மாதிரிகள் இதற்கு விடையாக ஒரே பொருளுக்கு இரண்டு மரங்களை வளர்த்தன. 2014-இல் வெளியான இணைப்பு மாதிரியில், கட்டளைக்கு ஒரு பட்டியலும் நிலைக்கு ஒரு பட்டியலும் தனித்தனியே இருந்தன. ஓபன்கான்ஃபிக் என்ற பெயரில் ஒன்று சேர்ந்த நடத்துநர்கள், ஒவ்வொரு பொருளின் கீழும் அமைவு, நிலை என்று இரண்டு அறைகளைக் கட்டிக்கொண்டார்கள். கருதிய அமைவு என்றும் நடைமுறைக்கு வந்த அமைவு என்றும் பெறப்பட்ட நிலை என்றும் புதுப்புதுப் பரிபாஷைகள் தோன்றின; ஒரே சொல்லை இருவர் இருவிதமாகப் பிரயோகித்தார்கள்; ஆண்டுகள் சென்றன.

2018 மார்ச்சில் வெளியான தரவுக் களஞ்சிய வரையறை இவ்வழக்கைத் தீர்த்தது. எழுதிக்கொண்டிருக்கும் வரைவு ஒரு களஞ்சியம். இப்போது ஆணையாக உள்ளது ஒன்று. கருவி மறுபடி துவங்கும்போது எடுத்துக்கொள்வது ஒன்று. கருவி நிறைவேற்ற முயல்வது ஒன்று. உண்மையில் நடப்பில் இருப்பது ஒன்று என ஐந்தையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்தார்கள். நடப்பில் இருக்கும் ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வந்தது, கட்டளையாலா, கருவியே இயல்பாக வைத்துக்கொண்டதா, பிறரிடம் கற்றதா, எழுதாவிடத்து விதியால் வந்ததா என்று அதன் பூர்வத்தையும் குறித்துவைக்க ஏற்பாடு செய்தார்கள். உடனே இரண்டு மரங்கள் தேவையற்றுப் போயின. அதே மாதத்தில் வந்த புதிய இணைப்பு மாதிரி ஒரே பட்டியலோடு நின்றது, பழைய இரண்டாம் பட்டியல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லையைச் சரியாக எழுதினால் பேரன் காலத்து வழக்கு தவிர்வதுபோல, ஒரு வரையறை சரியாக அமைந்ததும் எத்தனையோ மாதிரிகள் பாதி நீளத்துக்குச் சுருங்க வழி பிறந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த சொல்வாதம் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே பிரத்தியட்சப் பிரமாணம்.

இதற்கு எதிர்க்கட்சியார் கூறுவதையும் நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். இணையம் வளர்ந்தது வரையறை எழுதியதால் அல்ல, ஓடும் நிரலை எழுதியதால். வாக்கெடுப்பின்றி, ஏறத்தாழ எல்லோருக்கும் சம்மதமானதைக் கொண்டு முன்னே நடப்பதே, இந்தத் தரநிலைகளை வெளியிடும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் சம்பிரதாயம். பரிபூரணமான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் எஸ்.எம்.ஐ.என்.ஜி.க்கு நேர்ந்த கதிதான் எல்லாவற்றுக்கும் நேரும் என்பது அவர்கள் வாதம். இதில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடும் நிரல் ஒன்றாக இருந்தால்தான் நிரலே வரையறையாக நிற்க முடியும். பத்து நிறுவனங்கள் பத்து நிரல்களை எழுதி, அவை ஒன்றோடொன்று பேசவேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில், சொல்லைத் தவிர நடுவர் வேறு யாரும் இல்லை. இதை அந்தப் பணிக்குழுவே உணர்ந்துதான், கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்பவற்றைக் குறிக்கும் சொற்களுக்கே 1997-இல் தனியாக ஓர் ஆவணம் எழுதியது. இருபது ஆண்டுக்குப் பின், பெரிய எழுத்தில் எழுதும்போது மட்டுமே அவற்றுக்கு அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று மற்றோர் ஆவணத்தால் ஐயம் நீக்கியது.

ஆகவே என் தீர்ப்பு இது. விவாதத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதும், ஒரு வாக்கியத்தை இருவர் இருவிதமாகப் படிக்க இடமுண்டா என்பதும் பொறுமையோடு, முடிவு காணும் வரை ஆராயப்பட வேண்டியவை. இவற்றில் அவசரம் கூடாது. அடைப்புக்குறி வளைந்ததா நேரானதா, பெயரில் சிறுகோடு இடலாமா என்பன ருசியைச் சார்ந்தவை. இவற்றில் தாமதம் கூடாது. படிப்பவருக்கு எது எளிதோ அதை ஏற்று, விரைவில் மேலே செல்ல வேண்டும். நன்னூலார் ஒரு நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று வகுத்தபோது, குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவற்றை அப்பட்டியலில் சேர்த்தார். இயந்திரத்துக்கும் மனிதருக்கும் பொதுவாக எழுதப்படும் இந்த நூல்களுக்கும் அந்த இலட்சணமே பொருந்தும். ஆராயத்தக்க வாதம் எது என்பதற்கு அதுவே உரைகல்.

மனிதர் படிக்க எளியது என்று ஏற்றுக்கொண்ட வடிவத்திலும் மயக்கம் புகுந்துவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. யாங்கின் முதற்பதிப்பில் இரட்டை மேற்கோளுக்குள் வரும் சில குறியீடுகளை எப்படிக் கொள்வது என்பது போதிய தெளிவோடு இல்லாமையால், 2016-இல் வந்த அடுத்த பதிப்பு அவ்விதியைத் திருத்த நேர்ந்தது. பழைய ஆவணங்களோடு முழுமையாகப் பொருந்தாத மாற்றம் என்று தெரிந்தே திருத்தினார்கள். ஒரு பதிப்பில் மயங்க வைத்தால் அடுத்த பதிப்பில் யாரோ ஒருவருடைய ஆவணத்தை உடைத்தே சீர்செய்ய வேண்டியதாகிறது.

இவையெல்லாம் நிபுணர்களின் விவகாரம், பொதுமக்களுக்கு என்ன என்று கேட்கலாம். 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பில், அமைவு மாற்றத்தின்போது ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதன் விளைவாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவை இழந்தார்கள். கடைகளில் பணம் செலுத்தும் வசதியும், பலருக்கு அவசர உதவி எண்ணும்கூடக் கிடைக்காமற் போயின. தரவு மொழியின் குறையால் அது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. கருவிக்கு எழுதப்படும் ஒரு வரி எத்தனை பேருடைய வாழ்க்கையைத் தொடுகிறது என்பதற்கே அதைச் சொல்கிறேன். அந்த வரி எழுதப்படும் மொழி தெளிவாக இருக்க வேண்டும் என்று கோருவதற்கு, மருந்துச் சீட்டு தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று கோருவதற்கு உள்ள அத்தனை உரிமையும் மக்களுக்கு உண்டு.

இணையப் பொறியியல் பணிக்குழுவில் சேருவதற்கு அங்கத்தினர் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. ஆவணங்கள் யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைவைப் படித்து அபிப்பிராயம் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. மொழியை வகுப்பவர்களைவிட அதைக் கையாள்பவர்கள் பன்மடங்கு அதிகம் என்பதும், நடத்துநர்கள் பேசிய பிறகே இத்துறை சரியான வழிக்குத் திரும்பியது என்பதும் ரெஸ்டன் கூட்டம் காட்டிய உண்மைகள். வலையமைப்பு நிலையங்களில் இரவும் பகலும் பணிபுரியும் இளம் பொறியாளர்கள், தங்களுக்கு விளங்காத சொல்லைத் தங்கள் அறியாமை என்று விட்டுவிடாமல், இச்சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். வரைவை எழுதுகிறவர்களும் அக்கேள்வியை இடையூறு என்று எண்ணாமல், வரையறையைத் திருத்தக் கிடைத்த சந்தர்ப்பம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.